தண்ணீர்க் குழாய்

சட்டைப்பையில் ஓர் ஓட்டை.
அதற்குள் சுண்டுவிரலை நுழைத்து
ஆட்டிக் காட்டினார்
எட்டாம் மாடி ஹம்சா.
பேருந்து ஓட்டுநர் சீருடை.
மூங்கில் கழியில் காய்ந்துகொண்டிருந்ததாம்.
நேர்மேலே, ஒன்பதில்,
என் சமையலறைச் சன்னல்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவர் மூக்கை உறிஞ்சினார்.
பாதி மலாய், பாதி ஆங்கிலம்,
எனக்காக நடுவில் ஓர் 'ஐயோ':
"நான் விட்டு நாலு நாள்.
உன் புகை தினமும் என் வீட்டுக்கு வந்து
பேர் சொல்லிக் கூப்பிடுகிறது.
ஒன்று நீ நிறுத்து.
இல்லை, எனக்கும் ஒன்று கொடு."

பொம்பளைக்கு எதுக்கு சிகரெட் என்று
கேட்காத முதல் ஆள்.
அதற்காகவே நிறுத்தலாம் போலிருந்தது.

ஈசூனில் எங்கள் புளோக்கின்
எல்லாச் சமையலறைச் சுவரிலும்
ஏறிப் போகிறது ஒரே குழாய்.
கரண்டியால் ஒரு தட்டு:
உடம்பு கேட்கிறது.
பதிலுக்கு இரண்டு:
இருக்கிறேன்.
மூன்று தட்டு எதற்கென்று
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

விரல்கள்தான் மோசம்.
வேலை போன இரண்டு விரல்கள்
பேனாவைப் பிடித்தன, முருங்கைக்காயைப் பிடித்தன,
எம்ஆர்டியில் பயண அட்டையை
உதடுவரை கொண்டுபோயின.
வாய்க்குக் கருவாப்பட்டை.
நெஞ்சு மட்டும் பழைய பாக்கியையெல்லாம் எடுத்து
விடிய விடிய
இருமி வாசித்தது.

நோன்பு மாதம்.
பகலெல்லாம் தண்ணீர் படாத தொண்டையோடு
பேருந்து ஓட்டியவர்
பேரீச்சம்பழம் விழுங்கிய மறுநொடி
தட்டுவார்.
"பசி சொன்னால் கேட்கும். இது கேட்காது."
நான் கறிபஃப் பொரித்த கரண்டியாலேயே
இரண்டு தட்டுவேன்.
குழாயில் அந்த எண்ணெய்ப் பிசுக்கு
இன்னும் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள், திங்கட்கிழமை,
வேலை போனது.
மின்னஞ்சலில், ஆறு வரி.
கடைக்காரர் மூடிய அலமாரியைத் திறந்து
அழுகிய கால் படம் போட்ட பெட்டியை நீட்டினார்.
கார்ப்பேட்டைக்குப் பின்னால் நின்று
ஒன்று.
அணையுமுன் இன்னொன்று.
ருசியே இல்லை.
அதுதான் அழ வைத்தது.

வீட்டுக்கு வந்து
மூன்று தட்டினேன்.

மின்தூக்கிக்குக் காத்திராமல்
கைலியோடு படியேறி வந்தார்.
அறிவுரை என்று ஆரம்பித்தால்
கதவைச் சாத்திவிடுவதாக இருந்தேன்.
நிலையைப் பிடித்துக்கொண்டு
என் செருப்புகளைப் பார்த்தபடி சொன்னார்:
"நான், போன வியாழன்.
தட்டவில்லை."

பாத்திரத் தொட்டியில் பெட்டியைக் கவிழ்த்தோம்.
பதினெட்டு இருக்கவேண்டும்.
நான் எண்ணினேன். அவர் எண்ணினார்.
பதினேழு.
ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
நான் இரண்டு கைகளையும் விரித்தேன்.
அவர் சட்டைப்பைக்குள் விரல் விட்டு
மறுபக்கம் எடுத்துக் காட்டினார்.
அதே சட்டை, அதே ஓட்டை.
கடைசியில் அந்த ஒன்று
பெட்டியின் தகட்டுத்தாளுக்குள்
சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது.
நாங்கள் சிரித்த சிரிப்புக்கு
எதிர்வீட்டு நாய் குரைத்தது.

குழாயைத் திறந்துவிட்டேன்.
தேத்தண்ணி நிறத்தில் ஓடியது பதினெட்டும்.
"எனக்கு இன்று பூஜ்யம்" என்றேன்.
"எனக்கு மறுபடியும் நாலு" என்றார்.

இது நடந்து எத்தனை நாள் என்று
கேட்காதீர்கள்.
எண்ணினால் கண் பட்டுவிடும்.

நேற்று இரவு இரண்டே காலுக்கு
ஒரு தட்டு தட்டினேன்.
கீழிருந்து இரண்டு வந்தது.
நான் விளக்கை அணைக்கப் போகும்போது
மேலிருந்து,
பத்தாம் மாடியோ பன்னிரண்டோ,
தயங்கித் தயங்கி
ஒன்று.

தூங்கவிடுங்கள் என்று திட்டுகிறார்களோ என்னவோ.
கரண்டி கையில்தான் இருந்தது.
எதற்கும் இருக்கட்டுமென்று
இரண்டு தட்டி வைத்தேன்.